ஹீத்ரோ: ஓடுபாதையும் ஊராரும்

லண்டனின் மையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு இரண்டே ஓடுபாதைகள். 2024-ஆம் ஆண்டில் அந்த இரண்டின் வழியே 8.39 கோடிப் பயணிகள் வந்து போனார்கள். மூன்றாவது ஓடுபாதை வேண்டும் என்று விமான நிலைய நிறுவனம் கேட்கிறது. பிரிட்டிஷ் அரசு சில ஆண்டுகள் சரி என்றும், சில ஆண்டுகள் வேண்டாம் என்றும் சொல்லிவந்திருக்கிறது. சுற்றுவட்டார ஊர்கள் மட்டும் ஒரே பதிலில் நிற்கின்றன. அரசு ஆவணங்களின்படி இந்தப் பிணக்கு 2003-ஆம் ஆண்டின் வெள்ளை அறிக்கையோடு தொடங்கியது. ஊராரைக் கேட்டால் 1944 என்பார்கள். அந்தக் கணக்கே சரி. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட வாக்குறுதிகளையும் அவை காற்றில் போன விதத்தையும் அறியாமல் இன்றைய எதிர்ப்பின் பிடிவாதம் புரியாது.

ஹீத்ரோ என்பது முதலில் ஒரு சிற்றூரின் பெயர். மிடில்செக்ஸ் மாவட்டத்தில், சரளைப் படிவின் மேல் வளமான வண்டல் படிந்த சமவெளியில் இருந்த குடியானவர் குடியிருப்பு அது. லண்டன் சந்தைக்குக் காய்கறியும் பழமும் அனுப்பிய தோட்டங்கள் அங்கே நிறைந்திருந்தன. 1930 வாக்கில் ஃபேரி என்ற விமான உற்பத்தி நிறுவனம் அருகே ஒரு சிறிய சோதனைத் தளத்தை அமைத்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944-இல், போர்க்காலப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின் கீழ் அந்தத் தளத்தையும் சுற்றியிருந்த நிலங்களையும் அரசு எடுத்துக்கொண்டது. விமானப்படையின் நெடுந்தூர விமானங்களுக்காக என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். போர்க்கால அதிகாரத்தில் எடுத்ததால் பொது விசாரணை இல்லை. ஆட்சேபம் சொல்ல இடமும் இல்லை. சிற்றூர் இடிக்கப்பட்டது. விமானப்படை அங்கே குடியேறவே இல்லை. 1946-இல் அது லண்டனின் பயணிகள் விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அந்நாளில் விமானத்துறைத் துணையமைச்சராக இருந்த ஹரால்டு பால்ஃபோர், 1973-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில், இடம் தொடக்கம் முதலே பயணிகள் விமான நிலையத்துக்காகத்தான் குறிக்கப்பட்டது என்றும், போர்த் தேவை என்ற பெயரில் சக அமைச்சர்களையே நம்பவைத்தோம் என்றும் ஒப்புக்கொண்டார். நிலத்தை இழந்தவர்களுக்கு அந்த வாக்குமூலம் முப்பது ஆண்டுகள் தாமதமாக வந்தது.

போருக்குப் பிந்தைய முதல் பத்தாண்டில் எதிர்ப்பு பெரிதாக எழவில்லை. உந்துசுழலி விமானங்களின் எண்ணிக்கை குறைவு, வேலைவாய்ப்போ பெருகிக்கொண்டிருந்தது. 1950-களின் இறுதியில் ஜெட் விமானங்கள் வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. இங்கே ஹீத்ரோவின் இருப்பிடத்தைக் கவனிக்க வேண்டும். விமானங்கள் காற்றை எதிர்த்தே இறங்கவும் ஏறவும் வேண்டும். தென் இங்கிலாந்தில் மேற்கிலிருந்து காற்று வீசும் நாட்களே அதிகம். ஆண்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு நேரம் அப்படித்தான். விமான நிலையம் நகருக்கு மேற்கில் இருப்பதால், அந்த நேரமெல்லாம் இறங்கும் விமானங்கள் லண்டன் நகரத்தின் தலைக்கு மேல் வரிசைகட்டி வருகின்றன. இறங்குபாதையின் சரிவு 3 பாகை. கிலோமீட்டருக்கு 52 மீட்டர் வீதம் உயரம் குறையும் என்பது அதன் பொருள். ஓடுபாதையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் கியூ தாவரவியல் பூங்காவின் மேல் வரும்போது விமானம் 500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஓடுபாதைக்கு இன்னும் அருகே இருக்கும் ஹவுன்ஸ்லோவின் கூரைகளுக்கு மேல் அதிலும் பாதிக்குக் குறைவு. நெரிசல் மிகுந்த நேரத்தில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இது தொடர்கிறது. ஐரோப்பாவின் வேறெந்த விமான நிலையத்தைவிடவும் ஹீத்ரோவின் இரைச்சலுக்குள் வாழும் மக்கள்தொகை அதிகம் என்பதற்கு இந்தப் புவியியலே அடிப்படை.

இரைச்சலை எப்படி அளப்பது என்பது எதிர்ப்பின் வரலாற்றில் தொழில்நுட்பக் கேள்வி மட்டும் அல்ல; யார் பாதிக்கப்பட்டவர், யார் பாதிக்கப்படாதவர் என்று கோடு கிழிக்கும் அதிகாரம் அதில் அடங்கியிருந்தது. 1961-இல் ஹீத்ரோவைச் சுற்றியிருந்த வீடுகளில் நடத்தப்பட்ட கணக்கெடுப்பை வைத்து, 1963-இல் வில்சன் குழு ஓர் அளவுகோலை முன்வைத்தது. ஒவ்வொரு விமானமும் எவ்வளவு சத்தம் போடுகிறது என்பதோடு, எத்தனை விமானங்கள் பறக்கின்றன என்பதையும் அது தனிக் காரணியாக எடுத்துக்கொண்டது. 1990-இல் அது கைவிடப்பட்டு, கோடைக்காலப் பகல் 16 மணி நேரத்தின் சராசரி ஒலி ஆற்றல் அளவுகோலாயிற்று. 57 டெசிபல் என்ற கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களே கணிசமான தொந்தரவுக்கு ஆளாகிறார்கள் என்று அரசு வகுத்தது.

இந்தச் சராசரியில்தான் ஊராரின் நீண்டகால மனக்குறை இருக்கிறது. டெசிபல் மடக்கை அளவு. விமானங்களின் எண்ணிக்கை இரு மடங்கானால் சராசரி 3 டெசிபல் மட்டுமே கூடும். எனவே ஒவ்வொரு விமானத்தின் சத்தத்தையும் 3 டெசிபல் குறைத்துவிட்டு, இரண்டு மடங்கு விமானங்களைப் பறக்கவிட்டால் கணக்கில் மாற்றமே தெரியாது. ஆனால் ஒரு தனி விமானத்தின் ஒலி 3 டெசிபல் குறைவதைக் காது அரிதாகவே உணரும். சத்தம் பாதியாகிவிட்டதாகத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். ஆக, காகிதத்தில் சமமாக இருக்கும் இரண்டு நாட்களில் ஒன்று, வாழ்பவருக்கு மற்றதைப்போல இரு மடங்கு குறுக்கீடு உள்ள நாள். விமானங்கள் அமைதியாகிக்கொண்டே வருகின்றன என்ற நிறுவனத்தின் கூற்று உண்மை. பழைய ஜெட் எந்திரங்களின் அலறல் இன்று இல்லை. இடைவெளி இல்லாமல் போயிற்று என்ற ஊராரின் கூற்றும் அதே அளவு உண்மை. 2014-இல் எடுக்கப்பட்டு 2017-இல் வெளியான அரசுத்தரப்பு ஆய்வு ஒன்று, முன்பு 57 டெசிபலில் காணப்பட்ட அதே அளவு எரிச்சல் இப்போது 54 டெசிபலிலேயே காணப்படுவதாகச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் விமான இரைச்சலுக்குப் பரிந்துரைத்த வரம்பு, நாள் முழுவதற்குமான சராசரியாக 45 டெசிபல், இரவுக்கு 40.

எரிச்சல் என்ற சொல் உடல்நலப் பாதிப்பை மூடிமறைத்துவிடுகிறது. ஹீத்ரோ, ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல், மாட்ரிட்டின் பராகாஸ் ஆகிய மூன்று விமான நிலையங்களின் சுற்றுப்புறப் பள்ளிகளில் 9, 10 வயதுக் குழந்தைகள் 2,844 பேரிடம் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வு, விமான இரைச்சல் கூடக்கூடப் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் குறைவதைக் காட்டியது. ஹீத்ரோவைச் சுற்றி வாழும் 36 லட்சம் பேரின் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இரைச்சல் மிகுந்த பகுதிகளில் பக்கவாதமும் இதயநோயும் அதிகம் என்றது. ஹவுன்ஸ்லோவில் இறங்குபாதைக்கு நேர் கீழே இருக்கும் ஒரு மழலையர் பள்ளியின் விளையாட்டு மைதானத்தில், மண்மூட்டைகளை அடுக்கிக் கட்டிய குவிமாடக் குடில்கள் நிற்கின்றன. வெளியே விளையாடும் குழந்தைகள் ஆசிரியர் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் அவற்றுக்குள் போக வேண்டும்.

இரைச்சலுக்கு எதிராக ஊரார் பெற்ற பாதுகாப்புகள் சில உண்டு. 1950-களில் கிரான்ஃபோர்ட் குடியிருப்போர் சங்கத்துக்கு அரசு அதிகாரி ஒருவர் ஓர் உறுதி தந்தார்: வடக்கு ஓடுபாதையிலிருந்து கிழக்கு நோக்கி, அதாவது கிரான்ஃபோர்டின் மேலாக, விமானங்கள் புறப்படா. வாய்மொழியாகச் சொன்ன இந்த உறுதி அரை நூற்றாண்டுக்கு மேல் காப்பாற்றப்பட்டது. அதை விலக்கிக்கொள்வதாக 2009-இல்தான் அரசு அறிவித்தது. 1970-களிலிருந்து நடைமுறையில் இருக்கும் மற்றொன்று, மேற்குக் காற்று நாட்களில் இறங்கும் ஓடுபாதையைப் பிற்பகல் 3 மணிக்கு மாற்றிக்கொள்ளும் முறை. காலையில் ஒரு பகுதியினருக்கு இரைச்சல் என்றால் மாலையில் மறு பகுதியினருக்கு. அரை நாளாவது அமைதி நிச்சயம். மேற்கு லண்டனில் பலர் இந்த அட்டவணையை வைத்தே தோட்ட வேலையையும் விருந்தினர் வருகையையும் வகுத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது ஓடுபாதை வந்தால் இந்த அரை நாள் அமைதி சுருங்கும். புதிய கிராமங்களுக்கு வரப்போகும் சத்தம் மட்டும் அல்ல, பழைய ஊர்களுக்கு இருக்கும் ஓய்வு பறிபோவதும் எதிர்ப்பின் காரணம் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்.

இரவு விமானங்களுக்கு 1962 முதல் கட்டுப்பாடு உண்டு. இப்போது இரவு 11.30 முதல் காலை 6 வரை ஆண்டுக்கு 5,800 விமானங்களே அனுமதி. ஆசியாவிலிருந்து வருபவை அதிகாலை நாலரை மணிக்குமேல் இறங்கத் தொடங்கும். 1993-இல் இந்த ஒதுக்கீட்டு முறை மாற்றப்பட்டபோது குடியிருப்பாளர்கள் எட்டுப் பேர் ஸ்ட்ராஸ்பூரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். தனிப்பட்ட, குடும்ப வாழ்வுக்கான உரிமை மீறப்பட்டது என்று 2001 அக்டோபரில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு முறையிட்டது. 2003 ஜூலையில் அந்த நீதிமன்றத்தின் பேரமர்வு 12-க்கு 5 என்ற பெரும்பான்மையில் அதைப் புரட்டியது: நாட்டின் பொருளாதார நலனையும் உறக்கத்தையும் எடைபோடும் உரிமை அரசுக்கு உண்டு. அதே வேளையில், உள்நாட்டு நீதிமன்றங்களில் இந்த மனக்குறைக்கு முறையான நிவாரணம் கிடைக்க வழியில்லாமல் இருந்ததைத் தவறு என்று குறிப்பிட்டது. 2024 மார்ச்சில் ஹேக் நகர நீதிமன்றம், ஸ்கிபோல் விமான நிலையத்தைச் சுற்றி வாழ்பவர்களின் அதே உரிமையை டச்சு அரசு மீறியதாகத் தீர்ப்பளித்திருக்கிறது. எட்டுப் பேர் தோற்ற வழக்கின் வாதம் இருபது ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டில் ஏற்கப்பட்டது.

ஹீத்ரோவின் மேல் சுமை கூடிக்கொண்டே போனதற்கு வேறோர் ஊரின் வெற்றியும் காரணம். லண்டனுக்கு மூன்றாவது விமான நிலையம் எங்கே அமைக்கலாம் என்று ஆராய 1968-இல் ராஸ்கில் ஆணையம் அமைக்கப்பட்டது. செலவையும் பயனையும் பணத்தால் அளந்து பார்க்கும் மாபெரும் முயற்சி அது. நார்மன் காலத்துத் தேவாலயம் ஒன்றின் மதிப்பை அதன் தீ விபத்துக் காப்பீட்டுத் தொகையைக் கொண்டு கணக்கிட முனைந்து ஆணையத்தின் ஆய்வுக் குழு பழிப்புக்கு ஆளானது. 1971 ஜனவரியில் ஆணையம் பக்கிங்ஹாம்ஷயரின் கபிளிங்டனைப் பரிந்துரைத்தது. நகரத் திட்டமிடல் அறிஞர் காலின் புக்கானன் மட்டும் அதற்கு உடன்படாமல் தனிக் குறிப்பு எழுதினார். அப்பகுதி மக்களின் எதிர்ப்பு ஒழுங்கானது, வசதியானது, நாடாளுமன்றத்தில் செல்வாக்கு உள்ளது. மூன்றே மாதங்களில் அரசு அந்த இடத்தைக் கைவிட்டு, கிழக்குக் கடற்கரையின் மேப்ளின் மணல்திட்டைத் தேர்ந்தெடுத்தது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1974-இல் அதையும் கைவிட்டது. வளர்ச்சி ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்கும் ஹீத்ரோவுக்கும் திரும்பியது. நிலப்பிரபுக்களும் தேவாலயங்களும் நிறைந்த ஊர் மூன்று ஆண்டுகளில் வென்றதையும், தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த ஹவுன்ஸ்லோ இன்னும் போராடுவதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சுற்றுச்சூழல் நீதி எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை என்பது தெரியும்.

ஹீத்ரோவின் நான்காம் முனையத்துக்கு 1979-இல் அனுமதி கிடைத்தது. அதோடு, ஆண்டுக்கு 2,75,000 விமானப் போக்குவரத்துக்கு மேல் போகாது என்று அரசு தன் கொள்கையாக அறிவித்தது. முனையம் 1986-இல் திறக்கப்படும் முன்பே அந்த வரம்பு கைவிடப்பட்டது. ஐந்தாம் முனையத்துக்கான பொது விசாரணை 1995 மே முதல் 1999 மார்ச் வரை, 525 நாட்கள் நடந்தது. பிரிட்டனின் திட்டமிடல் வரலாற்றில் அதுவரை அவ்வளவு நீண்ட விசாரணை இல்லை. ஐந்தாம் முனையம் வந்தால் மூன்றாவது ஓடுபாதை தேவைப்படாது என்பது அப்போது விமான நிலையத்தை நடத்திய பி.ஏ.ஏ. நிறுவனத்தின் நிலைப்பாடு, அண்டை வீட்டாருக்கு எழுத்திலும் அதைச் சொன்னது. 2001 நவம்பரில் அனுமதி வந்தது. 2003 டிசம்பரில் அரசின் வெள்ளை அறிக்கை மூன்றாவது ஓடுபாதைக்குக் கதவைத் திறந்துவைத்தது. முனையத்தின் சுவர்கள் அப்போது எழுந்துகொண்டிருந்தன.

ஆனால் அந்த விசாரணை வீண்போகவில்லை. அனுமதியோடு ஒரு நிபந்தனையும் இணைக்கப்பட்டது: ஆண்டுக்கு 4,80,000 விமானப் போக்குவரத்துக்கு மேல் கூடாது. 1979-இன் வரம்பு அமைச்சரின் அறிவிப்பு; அமைச்சர் மாறினால் அதுவும் மாறும். 2001-இன் வரம்பு கட்டட அனுமதியின் சட்டப்பூர்வமான பகுதி. புதிய அனுமதி பெறாமல் அதைத் தாண்ட முடியாது. ஹீத்ரோ எதிர்ப்பாளர்கள் எண்பது ஆண்டுகளில் ஈட்டிய ஆகப் பெரிய உறுதியான பலன் இந்த ஓர் எண்தான். பேரணிகளையும் கைதுகளையும்விடக் குறைவாகவே அது பேசப்படுகிறது. விசாரணை மன்றத்தில் நான்கு ஆண்டுகள் பொறுமையாகச் சாட்சியம் அளித்த குடியிருப்போர் சங்கங்களின் உழைப்புக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

2003-க்குப் பிறகு எதிர்ப்பின் உருவம் மாறியது. அதுவரை இரைச்சலை மட்டும் பேசிய ஹாக்கன் போன்ற உள்ளூர் அமைப்புகள், காலநிலை மாற்றத்தைப் பேசும் இளைஞர்களோடு கைகோத்தன. அந்நாளில் பழமைவாதக் கட்சி ஆண்ட செல்வந்தர் பகுதியான வாண்ட்ஸ்வொர்த் முதல் விமான நிலைய ஓரத்து ஹில்லிங்டன் வரை பல உள்ளாட்சி மன்றங்கள் சேர்ந்து, தங்கள் மக்கள்தொகையைக் குறிக்கும் விதமாக 'இருபது லட்சம்' என்ற பொருளில் 2எம் என்ற கூட்டணியை அமைத்தன. 2007 ஆகஸ்டில் சிப்சன், ஹார்லிங்டன் கிராமங்களுக்கு இடையே காலநிலை முகாம் கூடியது. முகாமைத் தடுக்க பி.ஏ.ஏ. கேட்ட நீதிமன்றத் தடையாணை, கூட்டமைப்புகள் வழியே தேசிய அறக்கட்டளை, பறவைப் பாதுகாப்புச் சங்கம் போன்றவற்றின் உறுப்பினர்கள் ஐம்பது லட்சம் பேரைக்கூடத் தொடும்படி விரிவாக இருந்தது. நீதிமன்றம் அதைப் பெரிதும் சுருக்கியே தந்தது. ஓய்வுபெற்ற கிராமத்தாரும் கூடாரத்தில் படுத்த மாணவர்களும் ஒரே வயலில் தேநீர் குடித்த அந்த வாரத்துக்குப் பிறகு, இது வெறும் வீட்டு விலைக் கவலை என்று ஒதுக்கிவிட யாராலும் முடியவில்லை.

2009 ஜனவரி 15 அன்று கார்டன் பிரவுன் அரசு மூன்றாவது ஓடுபாதைக்கு ஒப்புதல் அளித்தது. சிப்சன் கிராமம் முழுவதும், ஏறத்தாழ 700 வீடுகள், இடிபட வேண்டியிருந்தது. தொகுதி உறுப்பினர் ஜான் மெக்டொனல், வாக்கெடுப்பு இல்லாமல் முடிவெடுத்ததைக் கண்டித்து மக்களவையின் செங்கோலைத் தூக்கி இருக்கையில் வைத்து, ஐந்து நாள் இடைநீக்கம் பெற்றார். கிரீன்பீஸ் அமைப்பு திட்டப் பகுதிக்குள் ஒரு துண்டு நிலத்தை வாங்கி, பல்லாயிரம் பேரை அதில் பங்காளிகளாகப் பதிவுசெய்தது. 2010 மார்ச்சில் உயர் நீதிமன்றம், 2008-இன் காலநிலை மாற்றச் சட்டத்தைக் கருத்தில் கொள்ளாமல் 2003-இன் கொள்கையைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது என்றது. மே மாதம் பதவியேற்ற கூட்டணி அரசு திட்டத்தை ரத்துசெய்தது. சிப்சன் பிழைத்தது, ஆனால் ஏற்கெனவே விற்றுவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. நிறுவனம் வாங்கிய வீடுகளில் குறுகிய கால வாடகைக்காரர்கள் வந்து போனார்கள். திட்டம் நிறைவேறாவிட்டாலும் அதன் நிழல் ஓர் ஊரைக் கரைத்துவிடும் என்பதை நிலம் கையகப்படுத்தும் சட்டங்கள் எதுவும் இழப்பாகக் கணக்கிடுவதில்லை.

ரத்து நீடிக்கவில்லை. 2012-இல் சர் ஹோவர்ட் டேவிஸ் தலைமையில் அமைந்த விமான நிலைய ஆணையம், 2015 ஜூலையில் மீண்டும் ஹீத்ரோவையே பரிந்துரைத்தது. இம்முறை ஓடுபாதை இன்னும் மேற்கே தள்ளிப்போனது: சிப்சனின் பெரும்பகுதி தப்பியது, லாங்ஃபோர்ட் கிராமம் முழுவதும் ஹார்மண்ட்ஸ்வொர்த்தின் பெரும்பகுதியும் சிக்கின. கட்டாயமாக இடிக்கப்படும் வீடுகள் 783. ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓக் மரத்தால் கட்டப்பட்ட பெரும் தானியக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. கவிஞர் ஜான் பெட்ஜமன் அதை மிடில்செக்ஸின் பேராலயம் என்று போற்றினார். திட்டம் அந்தக் களஞ்சியத்தை விட்டுவைக்கிறது, அதைச் சுற்றியிருக்கும் ஊரை அல்ல. ஈழத் தமிழர் உட்படப் பல நாட்டு அகதிகள் நாடு கடத்தப்படும் நாளை எதிர்பார்த்து அடைபட்டிருந்த ஹார்மண்ட்ஸ்வொர்த் தடுப்பு மையமும் திட்டப் பகுதிக்குள் வருவதால் இடம் மாற வேண்டியிருக்கும்.

2016 அக்டோபரில் அரசு இதை ஏற்றபோது, ரிச்மண்ட் பார்க் தொகுதி உறுப்பினர் ஸாக் கோல்ட்ஸ்மித் அதை எதிர்த்துப் பதவி விலகி இடைத்தேர்தலைச் சந்தித்தார்; அதே எதிர்ப்பைச் சொன்ன தாராளவாத ஜனநாயகக் கட்சி வேட்பாளரிடம் தோற்றார். 2018 ஜூன் 25 அன்று நாடாளுமன்றம் 415-க்கு 119 வாக்குகளில் ஓடுபாதைக்கான தேசியக் கொள்கை அறிக்கைக்கு ஒப்புதல் தந்தது. உள்ளாட்சி மன்றங்கள் ஐந்தும், லண்டன் மேயரும், சுற்றுச்சூழல் அமைப்புகளும் வழக்குத் தொடுத்தார்கள். 2019 மே 1 அன்று உயர் நீதிமன்றம் எல்லா மனுக்களையும் தள்ளுபடி செய்தது; அதே நாளில் மக்களவை காலநிலை நெருக்கடி நிலையை அறிவித்தது. 2020 பிப்ரவரி 27 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், பாரிஸ் ஒப்பந்தத்தைக் கருத்தில் எடுக்காததால் கொள்கை அறிக்கை சட்டவிரோதம் என்றது. அரசு அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. விமான நிலைய நிறுவனம் ஏற்கவில்லை. டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைப் புரட்டியது. திட்டமிடல் சட்டம் குறிப்பிடும் அரசுக் கொள்கை என்ற வரையறைக்குள் பாரிஸ் ஒப்பந்தம் அப்போது வரவில்லை என்பதும், காலநிலைக் கடமைகளை அமைச்சர் வேறு வழியில் கருத்தில் கொண்டிருந்தார் என்பதும் அதன் காரணங்கள். ஓடுபாதை நல்லதா கெட்டதா என்பதை எந்த நீதிமன்றமும் தீர்மானிக்கவில்லை. முடிவெடுத்த முறை சரியா என்பதையே பார்த்தன. சூழலியல் வழக்குகளில் நம்பிக்கை வைக்கும் எவரும் இந்த எல்லையை அறிந்திருக்க வேண்டும்.

காற்றின் தரம் இந்த வழக்குகளில் தனி இழையாக ஓடியது. நைட்ரஜன் டை ஆக்சைடுக்குச் சட்டம் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். எம்4, எம்25 நெடுஞ்சாலைகள் சூழ்ந்த ஹீத்ரோ வட்டாரத்தில் பல ஆண்டுகள் அது மீறப்பட்டது. சாலை வாகனங்களே முதன்மைக் காரணம் என்ற நிறுவனத்தின் வாதம் பிழையல்ல. ஆனால் அந்த வாகனங்களில் பலவும் விமான நிலையத்துக்குப் போய் வருபவை. வாகனப் புகைக் கட்டுப்பாடுகள் இறுகியதால் இந்த மாசு இப்போது குறைந்துவருகிறது.

ஆதரிப்பவர்களின் பக்கத்தையும் அலட்சியப்படுத்த முடியாது. ஹவுன்ஸ்லோ, ஹேஸ், சவுத்தால் பகுதிகளின் தென்னாசிய வம்சாவளிக் குடும்பங்களில் விமான நிலைய வேலையை நம்பியிருப்பவை ஏராளம்: பெட்டி ஏற்றுபவர்கள், உணவு தயாரிப்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பாதுகாப்புச் சோதகர்கள். பெரிய தொழிற்சங்கங்கள் விரிவாக்கத்தை ஆதரிக்கின்றன. ஒரே வீட்டில் இரவு முழுக்க அங்கே வேலைபார்த்துவிட்டு வந்தவர் பகலில் விமானச் சத்தத்தில் உறங்க முடியாமல் தவிப்பதும் உண்டு. இந்த மக்களை எதிர்ப்பு இயக்கம் போதுமான அளவு தன்பக்கம் பேசவைக்கவில்லை. அதன் மேடைகளில் ரிச்மண்டின் குரல் எப்போதும் ஹவுன்ஸ்லோவின் குரலைவிட உரக்கவே கேட்டது. அது இயக்கத்தின் உண்மையான பலவீனம்.

இரைச்சலையும் காற்றையும்விடக் கடினமான கணக்கு கரியமில வாயுவினுடையது. 2019-இல் பிரிட்டன் 2050-க்குள் நிகர சுழிய உமிழ்வு என்பதைச் சட்டமாக்கியது. பன்னாட்டு விமானங்களின் உமிழ்வு 2033 முதல் 2037 வரையிலான ஆறாவது கார்பன் வரம்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசுக்கு ஆலோசனை சொல்லும் காலநிலை மாற்றக் குழு, 2050-இல் விமானப் பயணத் தேவை 2018-இன் அளவைவிட 25 விழுக்காட்டுக்கு மேல் வளரக் கூடாது என்றும், நாட்டின் மொத்த விமான நிலையக் கொள்ளளவு கூடக் கூடாது என்றும் 2020-இல் அறிவுறுத்தியது. ஹீத்ரோவில் கூட்டினால் வேறெங்கோ குறைக்க வேண்டும். எந்த விமான நிலையத்தைக் குறைப்பது என்று எந்த அரசும் இதுவரை சொல்லவில்லை. தாவர எண்ணெய்க் கழிவு முதலியவற்றிலிருந்து எடுக்கும் மாற்று எரிபொருள் இந்த இடைவெளியை நிரப்பும் என்பது ஆதரவாளர்களின் விடை. அது இன்று மொத்தப் பயன்பாட்டில் மிகச் சிறிய பங்குதான்.

பெருந்தொற்று ஆண்டான 2020-இல் ஹீத்ரோவின் பயணிகள் எண்ணிக்கை 8.09 கோடியிலிருந்து 2.21 கோடியாகச் சரிந்தது. திட்டம் உறங்கியது. 2025 ஜனவரி 29 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், பொருளாதார வளர்ச்சிக்காக மூன்றாவது ஓடுபாதையை அரசு ஆதரிப்பதாக அறிவித்து அதை எழுப்பினார். அந்தக் கோடையில் நிறுவனம் அளித்த வரைவின்படி, 3,500 மீட்டர் வரை நீளும் புதிய ஓடுபாதை எம்25 நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கும். சாலை சுரங்கப்பாதையில் இறக்கப்படும். முனையங்கள் உட்பட மொத்தச் செலவு 4,900 கோடி பவுண்டு. பயணிகள் ஆண்டுக்கு 15 கோடி. விமானப் போக்குவரத்து 7,56,000.

எதிர்ப்பாளர்கள் இப்போது முன்வைக்க வேண்டியது அந்தக் கடைசி எண்ணைப் பற்றிய கேள்வி. இரவில் எத்தனை, பகலில் எத்தனை, எந்தப் பாதையில், எத்தனை மணி நேர ஓய்வோடு என்பவை அமைச்சரின் உரையிலோ நிறுவனத்தின் விளம்பரத் தாளிலோ அல்லாமல், அனுமதி ஆணைக்குள்ளேயே மீற முடியாத நிபந்தனைகளாக எழுதப்பட வேண்டும். அவற்றை மீறினால் வழக்குத் தொடுக்கும் உரிமை ஹார்மண்ட்ஸ்வொர்த்துக்கும் ஹவுன்ஸ்லோவுக்கும் வேண்டும். ஓடுபாதையே வேண்டாம் என்று வாதாடுபவர்களும் இந்தக் கோரிக்கையை விட்டுவிடக் கூடாது. புதிய அனுமதி ஆணை பிறப்பிக்கப்பட்டு நடைமுறைக்கு வரும்வரை, 2001 நவம்பரில் விதிக்கப்பட்ட 4,80,000 என்ற வரம்பே ஹீத்ரோவைக் கட்டுப்படுத்தும்.